ஏற்காட்டுக் காப்பியை ருசித்து ஒப்பிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக் காப்பியில் மூன்று நான்கு வகையைப் பக்கம் பக்கமாக வைத்து ருசித்துப் பார்ப்பதுதான் வேலை. சிலர் மலை மேலே காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கள். சிலர் வீட்டில் பில்டர் போடுவதோடு சரி. புதிதாக வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே பதிலோடு எழுதி வைக்கிறேன்.

காப்பியைக் குடிப்பதற்கும் ருசித்து ஒப்பிடுவதற்கும் என்ன வித்தியாசம்?

சேலத்துக்காரர்களுக்கு மாம்பழத்தை வைத்துச் சொன்னால் உடனே புரியும். மல்கோவாவை மட்டும் தனியாகச் சாப்பிட்டால் "நல்லா இருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதே மல்கோவாவில் ஒரு துண்டு, இமாம் பசந்தில் ஒரு துண்டு, செந்தூராவில் ஒரு துண்டு என்று ஒரே தட்டில் வைத்துப் பாருங்கள். எதில் நார் இருக்கிறது, எது வாயில் கரைகிறது, எதில் இனிப்புக்குப் பின்னால் புளிப்பு எட்டிப் பார்க்கிறது என்று நாக்கு தானாகவே பிரித்துச் சொல்லும். காப்பியும் அப்படித்தான். ஒற்றை டம்ளரை வைத்துக்கொண்டு எவ்வளவு யோசித்தாலும் ஒன்றும் பிடிபடாது. பக்கத்தில் இரண்டாவது டம்ளர் வந்ததும் இரண்டையும் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும்.

காப்பித் தொழிலில் இருப்பவர்கள் இதைக் கப்பிங் என்கிறார்கள். மூட்டையை வாங்குவதற்கு முன் தரம் பார்க்கும் முறை அது. வாங்குவதும் விற்பதும் இல்லாத நாமும் அதே முறையை வீட்டில் தாராளமாகச் செய்யலாம்.

எத்தனையோ ஊர்க் காப்பி இருக்க, ஏன் ஏற்காடு?

வீட்டுப் பக்கத்திலேயே விளைகிறது என்பது முதல் காரணம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் தோட்டத்துக்குள் நிற்கலாம். இந்த மலையில் காப்பி வந்து 200 வருடம் ஆகிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன்தான் இங்கே காப்பியைக் கொண்டுவந்து நட்டவர். இன்றும் இங்கே பெரும்பாலும் அராபிகா என்ற காப்பி இனம்தான். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி, அதன் நிழலில் காப்பிச் செடி, நடுவே ஆரஞ்சும் பலாவும் என்று தோட்டங்கள் இருக்கும். நிழலும் குளிரும் இருந்தால் பழம் அவசரப்படாமல் பழுக்கும், கொட்டை கெட்டிப்படும். அந்த நிதானம் கோப்பையில் தெரிகிறது என்பது என் அனுபவம்.

வீட்டில் செய்வதற்கு என்னென்ன வேண்டும்?

ஒரே அளவுள்ள கண்ணாடி டம்ளர்கள் அல்லது பீங்கான் கோப்பைகள், குழிவான பெரிய ஸ்பூன், கெட்டில், கைபேசியில் நேரம். எவர்சில்வர் டம்ளரிலும் செய்யலாம். ஆனால் அதற்கு முன் அதில் ரசமோ சாம்பாரோ இருந்திருக்கக் கூடாது. எவ்வளவு தேய்த்தாலும் பெருங்காய வாசனை விளிம்பில் ஒட்டிக்கொண்டு இருக்கும். ஒருமுறை அப்படி ஒரு டம்ளரால் நல்ல காப்பி ஒன்றைக் குறை என்று ஒதுக்கிவிட்டோம்.

தராசு அவசியம். ஸ்பூன் கணக்கு இதற்கு உதவாது, ஏனென்றால் இலேசாக வறுத்த தூளும் கருக வறுத்த தூளும் ஒரு ஸ்பூனில் ஒரே எடை இருக்காது. இந்த விஷயத்தில் சேலத்துக்காரர்களுக்குக் கவலையே இல்லை. கொலுசுப் பட்டறைகளில் வெள்ளி நிறுக்கும் சின்ன மின் தராசு செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் எளிதாகக் கிடைக்கும். எங்களிடம் இருப்பதும் அதுதான்.

செய்முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

150 மில்லி தண்ணீருக்கு 8.25 கிராம் தூள். உலகம் முழுக்கக் கப்பிங் செய்கிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு இது. கால் கிராம் முன்பின் போனால் பரவாயில்லை, ஆனால் எல்லா டம்ளரிலும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். கொட்டையை அப்போதே அரைக்க வேண்டும். பில்டருக்கு அரைப்பதை விடக் கொஞ்சம் கொரகொரப்பாக, வெள்ளை ரவை பதத்துக்கு இருந்தால் போதும்.

முதலில் தூளை உலர்ந்தபடியே முகர்ந்து பாருங்கள். பிறகு ஏறக்குறைய 93 டிகிரி சூட்டில் இருக்கும் தண்ணீரைத் தூள் முழுக்க நனைகிற மாதிரி விளிம்பு வரை ஊற்றுங்கள். கலக்க வேண்டாம். தூள் மேலே வந்து கெட்டியாக ஓர் ஆடை கட்டும். சரியாக 4 நிமிடம் விடுங்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். மூக்கை டம்ளருக்கு வெகு அருகில் கொண்டுபோய், ஸ்பூனின் முதுகால் அந்த ஆடையை மூன்று முறை மெல்லத் தள்ளி உடைக்க வேண்டும். அடைபட்டிருந்த ஆவி அந்த நொடியில் மொத்தமாக வெளியே வரும். ஒரு டம்ளரில் வறுத்த வேர்க்கடலை, அடுத்ததில் பாகு காய்ச்சும் வாசனை, மூன்றாவதில் நறுக்கி வைத்த பலாச்சுளை. அந்த ஒரு நொடியைத் தவற விட்டால் மறுபடி கிடைக்காது. அதனால் ஆளுக்கு ஒரு டம்ளர் என்று பிரித்துக்கொண்டு உடைக்கிறோம். உடைத்தவர் மட்டும் தனக்கு வந்ததைச் சொல்வார்.

மிச்சம் மிதக்கும் நுரையை இரண்டு ஸ்பூனால் வழித்து எடுத்துவிட்டு, ஊற்றியதிலிருந்து 8, 10 நிமிடம் ஆனதும் ருசிக்க ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு டம்ளருக்கும் போய்வரும்போது ஸ்பூனை வெந்நீரில் அலசிக்கொள்ளுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் நிறுத்திவிட வேண்டாம். வெதுவெதுப்பாக ஆனபின் ஒரு சுற்று, முழுக்க ஆறியபின் ஒரு சுற்று. சூட்டில் எல்லாக் காப்பியும் ஏறக்குறைய நல்ல காப்பிதான். ஆறியபின் இனிப்பு கூடுகிறதா, அல்லது கட்டைக் கசப்பு மட்டும் மிஞ்சுகிறதா என்று பார்த்தால் தரம் தெரிந்துவிடும்.

சத்தம் போட்டு உறிஞ்சுவது எதற்கு? கூச்சமாக இருக்கிறதே.

உறிஞ்சும்போது காப்பி சிறு துளிகளாகச் சிதறி வாய் முழுக்கப் பரவுகிறது. கூடவே ஆவி தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிறது. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கு செய்யும் வேலை. சளி பிடித்தபோது காப்பி வெந்நீர் மாதிரி இருப்பதை நினைத்துப் பாருங்கள். இரண்டாவது சுற்றில் கூச்சம் போய்விடும்.

முதல் முறைக்கு எந்த மூன்றை வைக்கலாம்?

ஒரே தோட்டம், ஒரே வருடத்து அறுவடை, ஒரே வறுவல். பழத்தைக் கொட்டையாக்கிய விதம் மட்டும் வேறு. கிடைத்தால் இப்படி மூன்றை வையுங்கள். பீரின் ருசியில் நொதித்தலுக்குப் பங்கு இருப்பது போலக் காப்பியிலும் நொதித்தலுக்குப் பங்கு உண்டு என்பதைப் பலர் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். அதை நாக்கால் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது.

முதலாவது, கழுவிய காப்பி. பழத்தின் தோலை இயந்திரத்தில் உரித்து, கொட்டை மேல் இருக்கும் வழுவழுப்பு கரையும் வரை தொட்டியில் ஒரு நாள், ஒன்றரை நாள் ஊறவிட்டு, அலசிக் களத்தில் காயவைப்பது. கடையில் பிளான்டேஷன் ஏ என்று பெயர் பார்த்திருப்பீர்கள். அது கழுவிய அராபிகாவில் ஒரு தரம். பழத்தின் சதை போய்விடுவதால் கொட்டையின் சொந்தக் குணம் ஒளிவுமறைவில்லாமல் தெரியும். புளிப்பு துலக்கமாக இருக்கும், முடிவு சுத்தமாக இருக்கும். தொட்டியில் கொஞ்சம் கவனம் தப்பினாலும் அதுவும் அப்படியே தெரிந்துவிடும். அதனால் கழுவிய காப்பியை நன்றாகச் செய்கிற தோட்டக்காரர் மேல் எனக்குத் தனி மரியாதை.

இரண்டாவது, பழத்தோடு காயவைத்தது. தோட்டங்களில் இதைச் செர்ரி என்பார்கள். முழுப் பழத்தையும் இரண்டு மூன்று வாரம் வெயிலில் உலர்த்தி, பிறகு கோது நீக்குவார்கள். சதையோடு காய்வதால் கள்ளுக்கும் பழக்கூழுக்கும் இடையில் ஒரு மணம் வரும், வாயில் கனமாக உட்காரும். நம் பக்கத்தில் இதை நன்றாகச் செய்வது கடினம். இங்கே அறுவடை நவம்பரில் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை ஓய்வதில்லை. களத்தில் பழம் பரப்பியிருக்கும்போது மேகம் கூடினால் வாரி மூட வேண்டும், வெளுத்தால் மறுபடி பரப்ப வேண்டும், நடுவே நாளுக்குப் பலமுறை கிளறிவிட வேண்டும். ஒரு நாள் சோம்பினால் பூஞ்சை. நல்ல செர்ரி ஒன்று மேசைக்கு வந்தால் அதற்குப் பின்னால் இத்தனை பேர் கை இருக்கிறது.

மூன்றாவது ஹனி. இதில் தேன் எதுவும் சேர்ப்பதில்லை. தோலை மட்டும் உரித்துவிட்டு, வழுவழுப்போடு அப்படியே காயவைப்பது. காயும்போது தேன் பூசியது மாதிரி பிசுபிசுப்பாக இருக்கும். ருசியும் முதல் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

புளிப்பாக இருந்தால் கெட்டுப்போன காப்பி என்றுதானே அர்த்தம்?

இல்லை. பழத்திலிருந்து வருகிற கொட்டைக்குப் புளிப்பு இருப்பது இயல்பு. கருக வறுத்தால் அது அழிந்துவிடும். நம் வீடுகளில் அப்படிப்பட்ட காப்பியே பழக்கம் என்பதால் இலேசான வறுவலில் புளிப்பைக் கண்டதும் பயப்படுகிறோம். எலுமிச்சை, ஆரஞ்சு, நெல்லிக்காய் போல வாயில் நீர் ஊறவைத்து, பின்னால் இனிப்பை விட்டுப் போனால் அது நல்ல புளிப்பு. வினிகர் போல மூக்கில் ஏறினாலோ, நாள்பட்ட மாவு போல நின்றாலோ தொட்டியிலோ களத்திலோ தவறு நடந்திருக்கிறது. சந்தேகம் வந்தால் ஆறவைத்துப் பாருங்கள். நல்ல புளிப்பு ஆறினால் பழச்சாறு மாதிரி ஆகும். கெட்ட புளிப்பு ஆறினால் குடிக்கவே முடியாது.

ருசி தெரிகிறது, சொல்ல வார்த்தை வரவில்லை. என்ன செய்வது?

எல்லோரும் கேட்பது இதுதான். எனக்கும் மிக முக்கியமான கேள்வி. காப்பிப் பொட்டலங்களில் புளூபெர்ரி, பெர்கமாட், ரெட் ஒயின் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, அதெல்லாம் நமக்குத் தெரியவில்லையே என்று பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். நாம் சாப்பிடாத பழத்தின் ருசி நமக்கு எப்படித் தெரியும்? அறுசுவைக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கும் மொழி நம்முடையது. காப்பியில் அதிகம் தேவைப்படும் துவர்ப்பு என்ற சொல் நம் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

போன வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எதிர்வீட்டு அம்மா, எழுபது வயதைத் தாண்டியவர், பேரனோடு மாடிக்கு வந்தார். கழுவிய காப்பி ஒரு டம்ளர் நன்றாக ஆறியிருந்தது. பால் இல்லாத காப்பியை அவர் அதற்கு முன் குடித்ததில்லை. ஒரு ஸ்பூன் வாயில் விட்டு, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் கழித்து, "ராம நவமிக்குக் கரைக்கிற பானகம் மாதிரி இருக்குப்பா, சுக்கு மட்டும் இல்ல" என்றார். நாங்கள் எல்லோரும் அந்த டம்ளரிடம் திரும்பிப் போனோம். வெல்லத்தின் ஆழமான இனிப்பு, அதன் மேல் எலுமிச்சைப் புளிப்பு. அவர் சொன்னது அப்படியே இருந்தது. ஐந்து பேர் அரை மணி நேரமாகத் தேடிக்கொண்டிருந்த வார்த்தை அது. அன்றிலிருந்து எங்கள் நோட்டில் பானகம் ஓர் அளவுகோல். இந்த வருடக் காப்பியில் பானகம் கூடுதலா குறைவா என்றே பேசிக்கொள்கிறோம்.

அப்படி நோட்டில் சேர்ந்த சொற்கள் இன்னும் இருக்கின்றன: நாவல்பழம் தின்றபின் நாக்கில் நிற்கும் துவர்ப்பு, கொடுக்காப்புளி, கம்மங்கூழ், கடலை மிட்டாய், மழை பெய்த மண், பழைய சணல் சாக்கு. கடைசி இரண்டும் குறைகள். உங்கள் வாயில் பழகிய எந்தப் பெயரையும் சொல்லுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: எல்லோரும் எழுதி முடிக்கும் வரை சத்தமாகச் சொல்லாதீர்கள். ஒருவர் ஆரஞ்சு என்றால் அடுத்தவர் நாக்கிலும் ஆரஞ்சு வந்துவிடும்.

பீபெரி என்றால் உயர்ந்த காப்பியா?

சாதாரணமாக ஒரு பழத்தில் தட்டையான இரண்டு பருப்பு இருக்கும். சில பழங்களில் ஒன்று மட்டுமே வளர்ந்து உருண்டையாகிவிடும், அதுதான் பீபெரி. வறுக்கும்போது உருண்டு உருண்டு சீராக வேகும் என்பது அதன் நன்மை. அதனாலேயே ருசி கூடிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே தோட்டத்துப் பீபெரியையும் பிளான்டேஷன் ஏ-யையும் பெயர் மறைத்து வைத்தபோது எங்களில் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சிக்கரி கலந்ததையும் சேர்த்து ஒப்பிடலாமா?

கட்டாயம். சிக்கரி ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்துச் சேர்ப்பார்கள். அதில் காபீன் கிடையாது. டிகாக்ஷனுக்குக் கருநிறமும் கெட்டித்தன்மையும், கொஞ்சம் கருகிய சர்க்கரை ருசியும் தரும். அதில் எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. என் அம்மா போடும் காப்பியில் எப்போதும் சிக்கரி உண்டு. நம் நாட்டுச் சட்டப்படி காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எத்தனை சதவீதம் என்று பொட்டலத்தில் போட வேண்டும்.

பிரச்சினை சொல்லாமல் கலப்பதுதான். சுத்தமான காப்பி என்று சொல்லி ஒரு கடையில் எனக்குக் கொடுத்த தூளைக் குளிர்ந்த தண்ணீரில் தூவிப் பார்த்தேன். காப்பித் தூள் சற்று நேரம் மேலே மிதக்கும். சிக்கரி உடனே மூழ்கி, பின்னால் பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு போகும். அன்றைக்கு டம்ளர் முழுக்கக் கோடுகள். வீட்டில் எவரும் ஒரு நிமிடத்தில் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

ஏற்காட்டில் குடித்தபோது இருந்த ருசி, அதே தூளை வாங்கிவந்து சேலத்தில் போட்டால் வரவில்லையே?

இரண்டு காரணங்கள், இரண்டும் தண்ணீரில் இருக்கின்றன. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதித்த கையோடு ஊற்றினாலும் தூளுக்குச் சரியான சூடுதான். சேலத்தில் 99 வரை போகும். அப்படியே ஊற்றினால் கசப்பு கூடுதலாக இறங்கும். இங்கே அடுப்பை அணைத்து இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து ஊற்றுங்கள்.

இன்னொன்று உப்புத் தண்ணீர். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் பாத்திரம் வெள்ளை பூக்கும். அந்தத் தண்ணீரில் உள்ள காரத்தன்மை காப்பியின் புளிப்பை அடக்கிவிடும். ஒருமுறை ஒரே தூளைப் போர் தண்ணீரிலும் மேட்டூர்த் தண்ணீரிலும் போட்டு வைத்தோம். வந்தவர்கள் இரண்டு வேறு தோட்டம் என்று அடித்துச் சொன்னார்கள். போர் தண்ணீர்க் காப்பி தட்டையாக, சாக்கட்டி கரைத்தது மாதிரி இருந்தது. விலை கொடுத்து நல்ல கொட்டை வாங்குவதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள்.

உண்மையிலேயே எனக்கு வித்தியாசம் தெரிகிறதா, அல்லது தெரிகிற மாதிரி நினைத்துக்கொள்கிறேனா?

நேர்மையான கேள்வி. இதற்கு முக்கோணச் சோதனை என்று ஒன்று உண்டு. மூன்று டம்ளர், இரண்டில் ஒரே காப்பி, ஒன்றில் வேறு. வேறானது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அடியில் ஒரு சின்னப் பொட்டு ஒட்டி வைத்துவிட்டு, வேறொருவரை இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாக வந்துவிடும் என்பதால் ஒரு தடவை ஜெயித்ததைக் கணக்கில் எடுக்காதீர்கள். தொடர்ந்து மூன்று முறை சரியாகச் சொன்னால், அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க 27-ல் ஒரு வாய்ப்புதான். கழுவியதையும் செர்ரியையும் வைத்தால் முதல் நாளே பிடித்துவிடுவீர்கள். ஒரே தோட்டத்தின் இரண்டு களங்களைப் பிரிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

பால் ஊற்றி ஒப்பிடக் கூடாதா?

நாம் தினமும் குடிப்பது பால் காப்பிதானே, ஊற்றாமல் எப்படி? ஆனால் அதைத் தனிச் சுற்றாக, பில்டர் டிகாக்ஷனில் வையுங்கள். முதல் சுற்றில் எல்லோரும் கொண்டாடிய இலேசான கழுவிய காப்பி பாலில் காணாமல் போய்விடும். முதல் சுற்றில் முரடு என்று ஒதுக்கியது பாலில் எழுந்து நிற்கும். காலைக் காப்பிக்கு நான் வைத்திருப்பது ஏற்காட்டு அராபிகா முக்கால் பங்கு, ரோபஸ்டா என்ற இன்னொரு இனம் கால் பங்கு, நடுத்தரத்துக்குச் சற்று மேலே போன வறுவல்.

இவ்வளவு காப்பி குடித்தால் தூக்கம் வருமா?

துப்பிவிடலாம், தொழில்முறையில் ருசிப்பவர்களும் துப்பித்தான் செய்கிறார்கள். அராபிகா டம்ளர் ஒன்றில் 100 மில்லிகிராமுக்குக் கிட்ட காபீன் இருக்கும்; ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 வரை என்பார்கள், கர்ப்பிணிகளுக்கு 200. வெறும் வயிற்றில் வராதீர்கள், இட்லி சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பூண்டுச் சட்னியும் தட்டுவடை செட்டும் மட்டும் முடிந்தபிறகு.

வறுத்த அன்றே ருசிக்கலாமா? புதுக் கொட்டை எப்போது வரும்?

வறுத்த கொட்டை சில நாளைக்குக் கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். கப்பிங்குக்கு ஒரு நாள் பொறுத்தால் போதும். பில்டருக்கு ஐந்தாறு நாள் கழித்துத் திறந்தால் நன்றாக இறங்கும். தூளாக வாங்கினால் இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

அறுவடை பிப்ரவரி வாக்கில் முடிந்து, உலர்ந்து, தரம் பிரித்துக் கைக்கு வர மார்ச், ஏப்ரல் ஆகிவிடும். அந்தச் சமயம் மலைக்குப் போனால் கோடை மழைக்குப் பின் செடி முழுக்க மல்லிகை மாதிரி வெள்ளையாகப் பூத்திருப்பதையும் பார்க்கலாம். மூன்று நான்கு நாளில் உதிர்ந்துவிடும். ஏப்ரல் ஞாயிறுக்கு வருகிறவர்கள் வீட்டில் மிச்சம் இருக்கும் போன வருடக் கொட்டையில் ஒரு கைப்பிடி கொண்டு வாருங்கள். புதியதையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.